நான்கு புள்ளிகள்

“அமுக்காதீங்க தம்பி. எறக்கி வைங்க, போதும்.”

அதற்குள் நான் அமுக்கிவிட்டேன். தாளில் குத்துவிளக்கு விழுந்தது. அதைச் சுற்றி, விளக்கோடு சேராத ஒரு மைக்கோடும் விழுந்தது. ரப்பர் ஸ்டாம்பைக் கொஞ்சம் ஆட்டினாலும் படத்தைச் சுற்றியுள்ள வெட்டு விளிம்பு தாளைத் தொட்டு மையை வைத்துவிடும். அம்மா அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்தார். பின்பக்கம் கணக்கு எழுத உதவுமாம்.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், தரை வீட்டின் முன்கூடம். இரண்டு மேசைகள். ஒன்றில் மகள், நான் அக்கா என்று அழைப்பவர், தாள் வெட்டி அடுக்கி ஒட்டுகிறார். இன்னொன்றில் எழுபதைத் தாண்டிய தாயார் ஸ்டாம்பு வைக்கிறார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. கையால் செய்த வாழ்த்து அட்டைகள் 200 வேண்டுமென்று ஆர்டர் வந்திருந்தது. அன்றுவரை 60 முடிந்திருந்தன.

முதலில் மகளின் மேசைக்குப் போனேன். ஏ4 மணிலா அட்டை ஒன்றைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள் கிடைக்கும். மடிக்குமுன் இரும்பு ஸ்கேலை வைத்து மழுங்கிய முனையால் ஒரு பள்ளக்கோடு இழுக்க வேண்டும். இழுக்காமல் மடித்தால் முதுகில் தாளின் நார் வெடித்து வெள்ளையாகத் தெரியும். மடித்த அட்டை 105க்கு 148 மில்லிமீட்டர். அதன்மேல் வரும் பொன்னிறத் தாள் 99க்கு 142. அதற்கும் மேலே வரும் படத்தாள் 93க்கு 136. சுற்றிலும் மும்மூன்று மில்லிமீட்டர் விளிம்பு விடுவதில்தான் அழகு இருக்கிறது. ஒரு பக்கம் இரண்டாகி மறுபக்கம் நான்கானால், எங்கே தவறு என்று சொல்லத் தெரியாதவர்கூட அட்டையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார் என்றார் அக்கா. எல்லாவற்றுக்கும் மேலே, தனியாகக் கத்தரித்த குத்துவிளக்கு. அதன் அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் நுரை டேப் துண்டுகள். அதனால் விளக்கு தாளைவிட்டு எழும்பி நிற்கிறது, கீழே மெல்லிய நிழலும் விழுகிறது.

தங்கக் கோலம் போடும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. மெதுவாகக் காயும் மையில் ஸ்டாம்பு வைத்து, ஈரம் போகுமுன் எம்பாஸிங் பொடியைத் தூவித் தட்டிவிட்டு, சூட்டுக் காற்று காட்டினால் பொடி உருகிக் கோடு புடைத்துக்கொள்ளும். மந்தமாகக் கிடந்த பழுப்புப் பொடி ஒரு கணத்தில் தங்கமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தாளே கொஞ்சம் நமத்துத்தான் இருக்கிறது. கோலம் இல்லாத இடத்திலும் பொடி ஒட்டிக்கொண்டு, சுட்டதும் தங்கப் புள்ளிகளாக நின்றுவிடும். அதற்கு அவர்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். முகத்துக்குப் போடும் பவுடரைப் பழைய வேட்டித் துணியில் சிறு முடிச்சாகக் கட்டி, ஸ்டாம்பு வைக்குமுன் தாள்மீது ஒற்றி எடுக்கிறார்கள். அந்த அறையில் எப்போதும் குளித்து வந்த குழந்தையின் வாசனை.

அம்மா 40 ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில், விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று, தலைவிளக்கோடு நிரையில் நுழைந்து, வெயில் ஏறுமுன் வெட்டி முடிப்பார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மகள் இந்த வேலையைத் தொடங்கியபோது ஸ்டாம்பு வைப்பது மட்டும் அவருக்குக் கைவரவில்லை. ஒருநாள் அம்மா சும்மா எடுத்து வைத்துப் பார்த்தார். முதல் பதிவே சுத்தமாக விழுந்தது.

எப்படி என்று கேட்டேன்.

“பட்டைய அரிசி கனத்துக்குத்தான் சீவணும் தம்பி. கொறஞ்சா பால் வராது. கூடிப்போயி உள்ள மரத்தத் தொட்டுட்டா காயம். அந்த எடத்துல முண்டு முண்டா பட்ட வளரும், பொறவு அதுல கத்தியே ஓடாது. கண்ணால பாத்து வெட்ட முடியாது, இருட்டு. கைதான் சொல்லும்.”

அவர் கையைப் பார்த்தேன். ஸ்டாம்பை மை மெத்தையில் அழுத்தவில்லை. மெல்ல நாலைந்து முறை தட்டி மையை ஏற்றினார். தாளுக்கு நேர் மேலே பிடித்து, மூச்சை நிறுத்தி, இறக்கினார். மரக்கட்டையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு விரலாக வைத்து எடுத்தார். பிறகு நேராக மேலே தூக்கினார். தாள் கூடவே எழாதபடி இடது கையின் சுண்டுவிரல் ஓரத்தைப் பிடித்திருந்தது. அந்தச் சுண்டுவிரலை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

புதிதாக வந்த ஸ்டாம்பு ஒன்றை அவர் முகர்ந்து பார்ப்பதையும் கண்டேன். “நம்ம சாமான்தான்,” என்றார். இப்போது கண்ணாடிபோல் தெரியும் பாலிமர் ஸ்டாம்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. எங்கே பதிகிறது என்று ஊடே பார்க்கலாம் என்பது அவற்றின் வசதி. ஆனால் நுண்ணிய கோடுகளுக்கும் கெட்டி மைக்கும் ரப்பரையே கையில் எடுக்கிறார்கள் இந்த வீட்டில். பாலிமரில் மை சில இடங்களில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ரப்பரில் சீராகப் பரவும். ரப்பரை வெயிலில் வைத்தால் வெடித்துவிடும், எண்ணெய் பட்டால் ஊறிவிடும். அதையும் அம்மாதான் மகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

அம்மா சொன்ன ‘நம்ம சாமான்’ இங்கே வந்த கதை இது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். அந்த முறையைக் கையில் ஏந்திக் காட்டுக்குள் போனவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகள். அதற்கு முன்பே, 1839-இல், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டிருந்தார். அந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் ரப்பர் ஸ்டாம்பு இல்லை. வெயிலில் இளகிக் குளிரில் விறைக்கும் ரப்பரில் எந்த எழுத்தும் நிற்காது.

குத்துவிளக்கு, மயில், கோலம், வாழை போன்ற ஸ்டாம்புகள் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வருபவற்றில் ரோஜாவும் கிறிஸ்துமஸ் மரமும் பனிமனிதனும்தான் அதிகம். தமிழ் எழுத்து வேண்டுமானால் சொல்லித்தான் செய்ய வேண்டும். அதற்காக அக்காவுடன் மறுநாள் கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். சிலாங்கூரின் முதல் ரயில் பாதை இந்தத் தடத்தில்தான், கோலாலம்பூருக்கும் கிள்ளான் புக்கிட் கூடாவுக்கும் இடையே, 1886-இல் ஓடத் தொடங்கியது. வழியில் வரும் ஷா ஆலமும் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலம். இப்போது ஜன்னலில் தெரிவது அடுக்குமாடிகளும் தொழிற்சாலைக் கூரைகளும்தான்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் துன் சம்பந்தன் சாலை. பூக்கடை, புடவைக்கடை, பாட்டுச் சத்தம் எல்லாம் தாண்டி அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் கொஞ்சம் நின்றேன். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். பால்மரம் வெட்டுகிறவரின் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அந்தத் தோட்டங்களையே வாங்குவதற்காக, 1960-இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் சம்பந்தன். ரப்பர் ஸ்டாம்பு வாங்கப் போகும் வழியில் இந்தப் பெயரைக் கடப்பது எனக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போவதுபோல் இருந்தது.

ஸ்டாம்பு செய்யும் கடை ஒரு பக்கச் சந்தில், மாடிப்படியின் கீழே. பெரும்பாலும் கம்பெனி ‘சாப்’ (முத்திரை) செய்கிற இடம். பழைய முறையை அங்கிருந்த பெரியவர் விளக்கினார். எழுத்து உலோகத் தகட்டில் இடவலம் மாறிப் புடைத்திருக்கும். அதைச் சூட்டில் இளகும் ஒரு பலகையில் அழுத்தினால் நேரெழுத்து பள்ளமாக விழும். அந்தப் பள்ளத்தின்மேல் பதப்படுத்தாத ரப்பர் தாளை வைத்து, ஏறத்தாழ 150 டிகிரிச் சூட்டில் சில நிமிடம் அழுத்தினால், ரப்பர் உள்ளே ஓடி எழுத்தாகி இறுகிவிடும். இப்போது லேசர் கருவி ரப்பரில் நேரடியாகவே செதுக்குகிறது. வேலை சுருங்கிவிட்டது, கருகிய நாற்றம் மட்டும் கூடிவிட்டது என்றார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் தமிழ் எழுத்தில் எது சிக்கல் என்று தெரிந்து வைத்திருந்தார். ‘ண’வின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். ‘ழ’வின் கீழ்வளைவு மெலிந்தால் உடைந்துவிடும். எல்லாவற்றையும்விடப் புள்ளி. ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்பதில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. சின்ன அளவில் செதுக்கினால் அவை பிடிமானமில்லாத ரப்பர் ஊசிகள்போல் நிற்கும். நாலைந்து முறை துடைத்தால் ஒன்று போய்விடும். ‘ள்’ புள்ளி போனால் ‘நல்வாழ்த்துகள’ என்று நிற்கும். அதனால் எழுத்தின் உயரத்தைக் கூட்டி, புள்ளிகளை மட்டும் அடிப்பக்கம் அகலமாக, மேடு வைத்துச் செதுக்கச் சொன்னார் அக்கா. ‘வாழ்த்துக்கள்’ என்று ஒற்றுப் போட்டு வந்த கோப்பை நிறுத்தித் திருத்தியதும் அவர்தான். நூற்றுக்கணக்கான அட்டைகளில் குத்தப்போகிற சொல்; ஒரே எழுத்துப் பிழை அத்தனை வீட்டுக்கும் போகும். அந்தக் கவலையை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

திரும்பும் ரயிலில் விலைபற்றிக் கேட்டேன். ஓர் அட்டை எட்டு வெள்ளி (ரிங்கிட்). தாள், மை, டேப், உறை எல்லாம் சேர்த்து மூன்று வெள்ளி. ஓர் அட்டைக்கு 40 நிமிடம். ஐந்து வெள்ளியை 40 நிமிடத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏழரை வெள்ளி வருகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஸ்டாம்பு செய்த செலவும், வரைந்து பார்த்த இரவுகளும், வீணான தாள்களும் இந்தக் கணக்கில் இல்லை. அம்மாவின் நேரமும் இல்லை. அதைக் கேட்டபோது அக்கா, “அம்மா வீட்லதான இருக்காங்க” என்றார். சொன்ன பிறகு சற்று நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள்; தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை மறுத்தார்கள். அந்தக் கூலிப் போராட்டத்தின் ஊரில், கைவேலைக்கு இன்னும் கூலியே போடாமல் விலை சொல்கிறோம். அட்டை பத்து வெள்ளி, பன்னிரண்டு வெள்ளி என்று சொல்லத் தயங்க வேண்டாம் என்று அக்காவிடம் வற்புறுத்தினேன். வாங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். அச்சடித்த அட்டையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதீர்கள். அடுக்கு வைத்த அட்டை தடிப்பானது என்று அஞ்சலகத்தில் கூடுதல் தபால்தலை கேட்டால் மறுக்காமல் கொடுக்கிறோம். அந்தத் தடிப்பை உண்டாக்கிய கைக்குக் கொடுப்பதில் மட்டும் ஏன் தயக்கம்?

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா விளக்குகளை முடித்திருந்தார். புது ஸ்டாம்பைக் கட்டையில் ஒட்டி, முதல் பதிவை அவரையே வைக்கச் சொன்னோம். தட்டி, இறக்கி, நான்கு மூலைக்கும் விரல் வைத்து எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசி எழுத்தில் விரல் நின்றது.

“‘ள்’ மேல புள்ளி சரியா விழல. மை ஏறல போல.” மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். “அந்தத் தங்கப் பேனாவ எடு.”