வெறும் கோப்புகளாய் ஒரு களஞ்சியம்

என் வலைத்தளம் இருப்பது ஒரு சாதாரண வாடகை சர்வரில். கேட்ட பக்கத்தையும் படத்தையும் எடுத்துக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதிலேயே ஒரு துணை ஃபோல்டரில் என் நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தை வைத்தேன். ஏற்றுவதற்கு முன் 'கிட் அப்டேட்-சர்வர்-இன்ஃபோ' என்ற கட்டளையை மட்டும் ஓட்டியிருந்தேன். வேறொரு கணினியிலிருந்து குளோன் செய்தபோது முழு வரலாறும் இறங்கியது. அந்த சர்வரில் கிட் நிறுவப்படவே இல்லை. இந்த வழியை யார், எப்போது யோசித்தார்கள்?

விடை கிட்டின் மூலநிரலிலேயே இருக்கிறது. கிட் தன் வரலாற்றையும் கிட்டில்தான் வைத்திருக்கிறது. குளோன் செய்து பின்னோக்கிப் போனால் 2005 ஏப்ரல் 7 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் இட்ட முதல் கமிட் (மாற்றப் பதிவு) வரை படிக்கலாம். சேமிக்கும் ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்தே ஷா-1 முறையில் கணக்கிட்ட 40 எழுத்துப் பெயர் என்பது அங்கேயே வந்துவிட்டது. உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும். எழுதிய கோப்பு பிறகு மாறவே மாறாது. மாறாத கோப்பை வழங்க எந்த வெப் சர்வரும் போதும்.

கிட்டுக்கு முந்தைய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களின் ஏற்பாடுகள் வேறு. சிவிஎஸ் தன் சர்வருக்கென்று 2401 என்ற தனி போர்ட்டைக் கேட்டது. 2004இல் 1.0 பதிப்பைக் கண்ட சப்வெர்ஷனை வலைத்தளத்துக்குள் வைக்க அப்பாச்சியில் தனி மாட்யூல் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் சர்வரின் உரிமையாளர் மனம் வைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு அது எங்கே நடக்கும்?

கிட்டின் வரலாற்றில் 2005 ஏப்ரல் மாதக் கடைசியில் டேனியல் பார்கலோ எழுதிய 'எச்டிடிபி-புல்' தட்டுப்படுகிறது. ஒரு கமிட்டை இறக்கும். அதில் குறித்திருக்கும் பெயர்களை முகவரிகளாக்கி அடுத்தவற்றை இறக்கும். இப்படியே முடிவுவரை நடக்கும். ஜூனில் சிக்கல் வந்தது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒன்றாகச் சுருக்கும் 'பேக்' கோப்புகளை லினஸ் கொண்டுவந்தார். இடம் மிச்சமானது, ஆனால் பழைய முகவரிகளில் கோப்புகள் இல்லை. எந்தப் பேக்குகள் இருக்கின்றன என்று வெறும் வெப் சர்வரிடம் கேட்கவும் முடியாது.

ஜூலையில் ஜூனியோ ஹமானோ சேர்த்த தீர்வுதான் நான் ஓட்டிய கட்டளை. கிளைகளின் பட்டியலை 'இன்ஃபோ/ரெஃப்ஸ்' கோப்பிலும், பேக்குகளின் பட்டியலை வேறொரு கோப்பிலும் அது எழுதி வைக்கிறது. சர்வரால் பதில் சொல்ல முடியாதா, சரி, பதிலை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவோம். இந்தத் தேடலில் என்னை அசத்திய யோசனை இதுதான்.

இதே எளிமையில் ஆபத்தும் உண்டு. தளத்தின் மூலநிரலைக் கிட்டோடு சேர்த்தே ஏற்றிவிட்டால், மறைந்திருக்கும் கிட் ஃபோல்டருக்குள் இருப்பதை வெளியார் ஒவ்வொன்றாக இறக்கிவிடலாம். எப்போதோ கமிட் செய்து அழித்த கடவுச்சொல்கூட அதில் கிடைக்கும். அந்த ஃபோல்டரை சர்வர் அமைப்பில் கட்டாயம் அடைத்துவிட வேண்டும்.

வெறும் கோப்புகளை இறக்கும் இந்தப் பழைய வழிக்கு வேகமும் போதாது. சிறு மாற்றத்துக்குக்கூட முழுப் பேக்கையும் இறக்க நேரும். 2009 டிசம்பரில் வந்த கிட் 1.6.6இல் ஷான் பியர்ஸ் இதற்கு வழி செய்தார். சர்வரில் ஒரு சிஜிஐ நிரல் அமர்ந்து, எதிர்முனையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்டு, இல்லாததை மட்டும் கட்டி அனுப்பும். பழைய தளங்களைக் கைவிடாமல் பியர்ஸ் புதுவழியை அமைத்த விதத்தை என் சர்வர் பதிவேட்டிலேயே பார்க்கலாம். இன்றைய கிட் முதலில் கேட்பதும் அதே 'இன்ஃபோ/ரெஃப்ஸ்' முகவரியைத்தான். வால்பகுதியில் புதிய சேவையின் பெயரை ஒட்டி அனுப்புகிறது. என் சர்வருக்கு அந்த வால் புரிவதில்லை. ஹமானோவின் கட்டளை எழுதிய கோப்பை அப்படியே கொடுக்கிறது. பதிலின் வகையைப் பார்த்து, எதிரே இருப்பது வெறும் வெப் சர்வர் என்று கிட் புரிந்துகொள்கிறது. அடுத்த வரியிலிருந்து ஒவ்வொரு கோப்பாக 2005ஆம் ஆண்டு முறையில் கேட்கத் தொடங்குகிறது.