பேயா, விஞ்ஞானமா? ஜவ்வாது மலையில் ஒரு வழக்கு

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடராக வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படித்தவர்கள் இன்னமும் இரண்டு கட்சி. பேய்தான் என்பவர்கள் வசந்த் பக்கம். விஞ்ஞானம் என்பவர்கள் கணேஷ் பக்கம். நான் கணேஷ் பக்கம். (முடிவைச் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம்.)

ஜவ்வாது மலையிலும் இதே மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது. போளூரிலிருந்து மலையேறினால் ஜமுனாமரத்தூர். அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய சின்னச் சின்ன அறைகள். சிலவற்றின் முன்பக்கம் வட்டமாக ஒரு துளை. 'குள்ளர் வீடு' என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய கற்திட்டை என்கிறார்கள் தொல்லியல்காரர்கள்.

"செத்தவங்களுக்குன்னா வாசல் எதுக்குப்பா?" என்றாள் மகள்.

நல்ல கேள்வி. எலும்புகளை உள்ளே வைக்க, படையல் போட என்று அறிஞர்கள் யூகிக்கிறார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும். ஆனால் புதையல் ஆசையில் ஒரு கல்லைப் புரட்டினாலும் போச்சு, இரண்டு கட்சிக்கும் சாட்சி இல்லை. போகிறவர்கள் தயவுசெய்து மேலே ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள்.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம். 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதைக் காட்டினால் மகள் விஞ்ஞானக் கட்சிக்கு வருவாள் என்று நினைத்தேன்.

"இதுல பார்த்தா குள்ளர் தெரிவாங்களா?" என்றாள்.