இரும்புக்கை மாயாவியும் அயர்ன் மேனும்

1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொணர்ந்த இரும்புக்கை மாயாவியே என் பால்ய நாயகர். தில்லியில் வளரும் என் மகனுக்கோ, 1963-இல் அமெரிக்காவில் தோன்றிய அயர்ன் மேன். இருவரும் சந்தித்தால்? ஓரிரவு கற்பனை செய்தோம்.

மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். அயர்ன் மேனுக்கோ, தொடக்கக் கதைகளில், மார்புக் கவசத்தின் மின்னேற்றம் தீர்ந்தால் உயிரே போய்விடும்.

"மாயாவி மறைவதற்கு அந்தக் கவசத்தைத் தொட்டால், இவர் செத்துவிடுவாரே அப்பா?"

எனக்குத் தோன்றாத வினா! மாயாவிக்குச் சுவரிலுள்ள பிளக்கே போதும் என்று வாதாடி, சான்றுக்குப் பழைய இதழொன்றை நீட்டினேன். படங்களை ஆவலோடு புரட்டியவன், எழுத்துகளின்மேல் விரலை வைத்துத் தயங்கினான்.

"நீங்களே படியுங்கள் அப்பா."

படித்தேன். மூன்றாம் பக்கத்தில், 'மா' எது என்று கேட்டான்.