மாசி வீதியில் சித்திரைத் தேர்

மதுரையில் சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடாது. மாசி வீதிகளில்தான் ஓடும். முதல்முறை தேர் பார்க்க வரும் வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. பிறந்தது முதல் அங்கேயே நின்று வடம் தொட்டுக் கும்பிட்ட மதுரைக்காரருக்கோ இது கேள்வியாகக்கூடத் தோன்றாது. ஊரின் பழைய வழக்கம் ஒன்று அந்த வீதியின் பெயருக்குள் இன்னும் இருக்கிறது.

மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சுற்றுச் சுற்றாக அமைந்த ஊர் இது. சங்க நூலான பரிபாடல் மதுரையைத் தாமரைப் பூவாகவும், தெருக்களை அதன் இதழ்களாகவும் பார்த்தது. இன்று நாம் காணும் அமைப்பு, 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலந்தொட்டு உருப்பெற்றது. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதற்கடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: கீழ, தெற்கு, மேல, வடக்கு. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருப்பதால் மேற்கு ‘மேல’ ஆனது, கிழக்கு ‘கீழ’ ஆனது. ஆகவே ‘மேல ஆவணி மூல வீதி’ என்று ஒருவர் சொன்னால், கோயிலுக்கு எந்தத் திசையில், எத்தனையாவது சுற்றில் நிற்கிறார் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடும்.

மாதப் பெயர்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. ஆடியில் முளைக்கொட்டுத் திருவிழா. அம்மன் ஆடி வீதியில் உலா வருவாள். ஆவணியில் சுந்தரேசுவரரின் திருவிளையாடல்களை நடத்திக் காட்டும் திருவிழா. பிட்டுக்கு மண் சுமந்த கதையும் அதில் ஒன்று. அந்த விழாவுக்குச் சுவாமி எழுந்தருளும் இடத்துக்கும் புட்டுத்தோப்பு என்றே பெயர். சாமி எந்த மாதம் எந்த வழியில் நடந்ததோ, அந்த வழிக்கு அந்த மாதமே பெயரானது.

அப்படியானால் மாசி வீதியில் ஏன் சித்திரைத் தேர்? ஒரு காலத்தில் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசியில்தான் நடந்தன என்பார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி, பெருமாளான அழகர் வைகை ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவைத்தார். மாசி என்றால் வயலில் அறுவடை வேலை இருக்கும். பெரிய தேரின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். சித்திரையில் வேலை ஓய்ந்த குடியானவர்கள் ஊருக்குள் வரலாம். சைவத் திருவிழாவும் வைணவத் திருவிழாவும் ஒரே கூட்டத்தின் விழாவாயின. விழாவின் மாதம் மாறியது. தேர் போகும் பாதை மாறவில்லை, பாதையின் பெயரும் மாறவில்லை.

திருமலை நாயக்கரின் அரண்மனையான மகாலும் தன் பங்குக்குப் பெயர்களை விட்டுச் சென்றிருக்கிறது. மகாலின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆனால் மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே பத்துப் பெருந்தூண்கள் நிற்கின்றன. அது பத்துத்தூண் சந்து. அருகிலேயே நவபத்கானா தெரு: அரண்மனை மேளவாத்தியங்கள் முழங்கிய மண்டபத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல், தமிழ் நாவில் புரண்டு தெருப்பெயராகிவிட்டது. புதுமண்டபத்தை அடுத்த எழுகடல் தெருவில் இன்று குளம் இல்லை. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடல்களையும் இறைவன் ஓரிடத்தில் வரவழைத்தான் என்ற கதையைத் தெருப்பெயர்தான் வைத்திருக்கிறது. கீழவாசலிலும் தெற்குவாசலிலும் இறங்கி வாசலைத் தேடினால் கிடைக்காது. கோட்டை போய்விட்டது.

அந்தக் கோட்டை போன கதைக்கும் வீதிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன், நெரிசலில் திணறிய ஊருக்கு இடம் உண்டாக்க மதிலை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் முனைந்தார். இடித்துத் தூர்ப்பவருக்கு அந்த நிலம் என்று அறிவித்ததும் வேலை மளமளவென்று நடந்தது. அப்படி உண்டான இடத்தில்தான் வெளி வீதிகள் பிறந்தன. அந்தப் பணியில் இருந்த நில அளவையாளர் மாரட்டின் பெயரில் மாரட் வீதி. வேலையாட்களை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்கு ஊர்மக்கள் மாசி வீதி மூலையில் ஒரு விளக்குத்தூண் வைத்தார்கள். அந்த இடத்தின் பெயர் இப்போது வெறும் விளக்குத்தூண்தான். பிளாக்பர்ன் பெயரைச் சொல்வார் அரிது. மேஸ்திரியின் பெயரையோ மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் போகும் ஒவ்வொருவரும் தினமும் சொல்கிறார்கள். கல்லும் மண்ணும் சுமக்க வைத்த ஒரு மேஸ்திரியை, மாதங்களுக்கும் திசைகளுக்கும் நிகராக உட்கார வைத்த ஊர் இது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதுரையின் மேல் மதிப்புக் கூடுகிறது.

கைத்தொழிலுக்கும் இங்கே அந்த மரியாதை உண்டு. மஞ்சணக்காரத் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு என்று உழைத்தவர்களும் விற்றவர்களும் பெயராக நிற்கிறார்கள். பழைய பெயர்களை ஊர் எளிதில் விடுவதும் இல்லை. 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீடு ஒன்றில். அதற்காக வீதியின் பெயரை ஊர் மாற்றவில்லை. அந்த உடையில் அவர் முதலில் மக்கள் முன் நின்ற திடல் மட்டும் காந்தி பொட்டல் ஆனது. ஒரு பெயரைச் சேர்க்க இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

இப்போது வழி சொல்லும்போது துணிக்கடை பெயரையும் செல்போன் கடை பெயரையும் சொல்லிவிடுகிறோம். கடை மாறினால் அந்த வழியும் தொலைந்துவிடும். பிள்ளைகளிடம் வீதியின் முழுப்பெயரையும் சொல்லிப் பழக்க வேண்டும்; திசையோடு, மாதத்தோடு. அடுத்த சித்திரையில் கீழமாசி வீதித் தேரடியில் அவர்களை நிறுத்தி, தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி நிலைக்கு வருவதைக் காட்டுங்கள். ‘சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் வருது?’ என்று அவர்களே கேட்பார்கள்.