ஓடம் வண்டியில் ஏறியபோது

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. காலம் மாறும், நிலை மாறும் என்று அறிவுறுத்துவதற்காகப் பெரியோர் இதனைச் சொல்வதுண்டு. ஆனால் வண்டியில் ஏறிய ஓடத்தை எதனோடு கட்டுவது என்று பழமொழி சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் அத்திபெலே வரைக்கும் போக வேண்டியிருந்தது.

நண்பர்களே, ஓடம் என்றதும் பெரிய தோணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நான் சொல்வது கயாக் என்னும் சிறு படகு. வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுவிட் மக்கள், மரச்சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்து வேட்டைக்காகச் செய்த படகு அது. இன்று அதனைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். ஒருவர் அமர்ந்து, இருமுனையிலும் அலகுள்ள துடுப்பால் இருபுறமும் மாறி மாறி வலித்துச் செல்லலாம். என் விடுதி அறைத் தோழன் கடலோரத்துப் பிள்ளை. புதுச்சேரிக்கு அருகே அவன் மாமாவின் வீடு இருக்கிறது. பெங்களூரில் ஒருவர் தம் பழைய கயாக்கை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு உறக்கம் போய்விட்டது. இருவரும் கையிலிருந்ததைத் திரட்டி வாங்கினோம். நீளம் 10 அடி. எடை 25 கிலோ. நிறம் மாம்பழ மஞ்சள்.

படகு வந்துவிட்டது. அதைக் கொண்டுபோவது எப்படி? அவனுடைய அண்ணனின் சிறிய கார் இருந்தது. அதன் கூரையின் இருபுறமும் வெள்ளிபோல் மின்னும் இரண்டு பக்கக் கம்பிகளும் இருந்தன. “கம்பிதான் இருக்கிறதே! குறுக்கே இரண்டு சட்டம் போட்டால் கேரியர் ஆகிவிடாதா?” என்றான் தோழன். ஆகிவிடும் என்றே நானும் எண்ணினேன். கடையில் பலவகைக் கேரியர்கள் இருந்தன. நாங்கள் பார்த்தவை இரண்டே இரண்டு: ஒன்று விலை, மற்றொன்று பளபளப்பு. கறுப்பு வண்ணம் பூசிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கார்க் கையேட்டைப் புரட்ட வேண்டும் என்ற எண்ணமே இருவருக்கும் எழவில்லை. தேர்வுக்கு முன்னிரவிலும் புத்தகத்தைத் திறக்காத நாங்கள், பயணத்துக்கு முன்னிரவிலா திறக்கப்போகிறோம்!

வைகறையில் புறப்பட்டோம். பொம்மசந்திரா கடந்தது, சந்தாபுரா கடந்தது. கூரையிலிருந்து ‘உம்ம்’ என்று ஓர் ஓசை எழுந்து, வேகம் கூடக் கூட அதுவும் உயர்ந்தது. “படகு பாடுகிறதடா!” என்றான் தோழன். நானும் மகிழ்ந்து தலையாட்டினேன். படகைக் கட்டிய நாடா காற்றில் துடித்த ஓசை அது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அத்திபெலேயை நம்மவரில் பலர் அறிவர். ஆனேக்கல் வட்டத்தில், கர்நாடகத்தின் எல்லையில் அமைந்த ஊர். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், இதைத் தாண்டினால் ஜூஜூவாடி, பிறகு ஓசூர். 2016 செப்டம்பரில் காவிரிப் பூசல் மூண்டபோது பேருந்துகள் நின்றுபோக, மக்கள் மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு இந்த எல்லையை நடந்தே கடந்தார்கள். மற்ற நாள்களில் நமக்கு அது ஊருக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்கும் இடம். லாரிகள் வரிசை வரிசையாக நிற்கும்.

அன்று காலை அங்கே முன்னால் சென்ற லாரி சட்டென்று நின்றது. தோழன் பிரேக்கை மிதித்தான். தலைக்கு மேலே ‘கடக்’ என்றொரு சத்தம். முன்சட்டத்தின் ஒரு பிடி நழுவியது. படகு முன்னே சறுக்கிக் குறுக்கே திரும்பியது. அதன் வால் காருக்கு வெளியே இடப்பக்கம் நீண்டது. அந்தப் பக்கமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், பெட்ரோல் டாங்கியின்மேல், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. எப்படித்தான் நிறுத்தினாரோ! படகின் வாலுக்கும் அந்தக் குழந்தையின் நெற்றிக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது.

நாங்கள் பதறிக்கொண்டு இறங்கினோம். அவர் எங்களை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும். அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. குழந்தையின் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கையை எடுக்காமலே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கன்னடத்தில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியும். ஆனால் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.

காரை ஓரங்கட்டினோம். தேநீர்க் கடையில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் எங்களிடம் வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும். நாடாவை இழுத்துப் பார்த்தார். முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

“பெல்ட்டு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. முடிச்சும் பரவாயில்ல. ஆனா எதுல கட்டியிருக்கறீங்க?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் அந்த வெள்ளிக் கம்பியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். அது பல்லாட்டம் ஆடியது! அதன் ஒரு முனை கூரையை விட்டு எழும்பியே இருந்தது. அழகுக்காக ஒட்டிவைத்த பிளாஸ்டிக் கம்பி அது. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்தின்மேல் படகு, படகின்மேல் எங்கள் ஆசை! அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். எங்கள் தேர் முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டது; அதுதான் வியப்பு.

“கட்டிக் குடுங்கண்ணா, மெதுவாகப் போய்விடுகிறோம்” என்றான் தோழன்.

“கட்டிக் குடுக்கறது பெருசில்லீங்க. இதுமேல கட்டி உங்கள அனுப்பிவிட்டுட்டு நான் எப்படித் தூங்கறது?” என்றார் அவர்.

சரக்கு ஆட்டோ ஒன்றைப் பேசி, படகை அதில் ஏற்றி, விடுதிக்கே திரும்பினோம். படகு வாங்கி மிஞ்சிய பணம் ஆட்டோ வாடகையில் கரைந்தது. கடற்கரைப் பயணம் அன்றைக்கு அத்திபெலேயோடு முடிந்தது.

நிற்க. அந்த முதியவரின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ‘எதில் கட்டியிருக்கிறாய்?’ அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பிறகு கேரியர் தேடினோம். அப்போது கற்றவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் காரின் கூரையைப் பார்க்க வேண்டும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் காரை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையின் இருபுறமும் மழைநீர் வடிய ஒரு விளிம்பு இருக்கும். கேரியரின் கால்கள் அந்த இரும்பு விளிம்பைக் கவ்விக்கொள்ளும். திருமணச் சீர்வரிசை முழுவதும் அதில் ஊர் போய்ச் சேரும். இன்றைய கார்களில் பெரும்பாலும் அந்த விளிம்பு இல்லை. சிலவற்றில் கூரையோடு திருகி முடுக்கிய உண்மையான பக்கக் கம்பி உண்டு. சிலவற்றில் சட்டம் பொருத்துவதற்கென்றே கூரையில் துளைகள் உண்டு. வேறு சிலவற்றில் எங்களுடையதுபோல் ஒப்பனைக் கம்பிதான். எது எவ்வகை என்பதைக் கண்ணால் மட்டும் அறிய முடியாது. கையேடுதான் சொல்லும்.

கையேடு இன்னொன்றும் சொல்லும்: கூரை தாங்கும் எடை. எங்கள் காருக்கு 50 கிலோ என்றிருந்தது. இதில் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தாரே, அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய எனக்கு, அது கார்க் கூரைக்கும் பொருந்தும் என்பது தெரியாமல் போயிற்று.

எடையைவிடக் காற்று பொல்லாதது. வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் சாதுவாக இருந்த படகு, 80-இல் பட்டம்போல் எழப் பார்க்கும். பிரேக்கும் அப்படித்தான். உலர்ந்த சாலையில் காரை முழு வலிவோடு நிறுத்தினால், கூரைமேல் உள்ள பொருள் தன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு விசையோடு முன்னே பாயப் பார்க்கும். ஆகவே கேரியர் பளுவைச் சுமந்தால் மட்டும் போதாது. மேலே எழவும் முன்னே பாயவும் விடாமல் இழுத்துப் பிடிக்கவும் வேண்டும்.

இவற்றை எண்ணிக் கடைக்குப் போனபோது, முன்பு நாங்கள் பார்த்த கேரியர்களே வேறாகத் தோன்றின. கூடைபோன்ற பெரிய கேரியர் பெட்டிகளுக்கு ஏற்றது. அதன் எடையே கூரையின் பங்கில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நுரைத்திண்டை வைத்து, கதவுகளின் வழியே நாடாவைச் செலுத்திக் கட்டும் முறை குறுந்தூரத்துக்கு ஆகும். நெடுஞ்சாலைக்கு என் மனம் ஒப்பவில்லை. கடைசியில், கதவைத் திறந்து கூரையின் இரும்பு ஓரத்தையே கொக்கியால் கவ்விப் பூட்டும் சட்டங்களைத் தேர்ந்தெடுத்தோம். இவ்வகையில் ஒவ்வொரு கார் மாதிரிக்கும் தனித்தனிக் கொக்கியும் திண்டும் உண்டு. ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சட்டங்கள் 6 கிலோ, படகு சாய்ந்து அமரும் தொட்டில்கள் 4 கிலோ, படகு 25 கிலோ. ஆக 35 கிலோ. கணக்குச் சரியாக வந்தது. இத்தகைய சட்டங்கள் செய்து உலகெங்கும் பெயர் பெற்ற தூலே நிறுவனம், 1942-இல் சுவீடன் நாட்டில் மீன்பிடிக்கும் பொறியோடு தொடங்கியது என்று படித்தபோது சிரித்தேன். மீனைப் பிடித்தவர்களுக்குப் படகைப் பிடிக்கத் தெரியாதா என்ன!

கட்டுவதிலும் முறை உண்டு. இரண்டு சட்டங்களுக்கும் இடையே இயன்றவரை இடைவெளி விட வேண்டும். படகின்மேல் இரண்டு நாடாக்கள். அவற்றை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் அந்தப் ‘பாட்டு’ நின்றுவிடும். ராட்செட் வைத்து நெரித்தால் பிளாஸ்டிக் உடல் நசுங்கும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிளே போதும். இவை தவிர, படகின் மூக்கிலிருந்து காரின் முன்கொக்கிக்கு ஒரு கயிறு, வாலிலிருந்து பின்கொக்கிக்கு ஒரு கயிறு. பிரேக் போடும்போது படகு முன்னே பாயாமல் தடுப்பது பின்கயிறு. அன்று எங்களிடம் அது இல்லவே இல்லை. அந்த லாரிக்காரர் தேநீர் ஆறுவதற்குள் எங்களுக்குக் கற்பித்த முடிச்சு அதற்குத்தான் பயன்படுகிறது. கயிற்றின் நடுவே ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழ்க்கொக்கியில் மாட்டி, மறுபடி அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுக்க வேண்டும். கப்பி வைத்து இழுத்தாற்போல் இறுகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, ஏற்றிய சரக்கு அனுமதித்த அளவுக்குமேல் பக்கத்திலோ முன்னிலோ பின்னிலோ உயரத்திலோ நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். எங்கள் படகு ஏறத்தாழ 3 மீட்டர். கார் அதைவிட நீளம். ஆகவே தப்பினோம். நீண்ட படகு வாங்க எண்ணுபவர்கள் காரையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் புறப்பட்டோம். சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நாடாக்களை இறுக்கினோம். அத்திபெலேயில் மறுபடியும் நிறுத்தினோம். சட்டத்தைப் பிடித்து ஆட்டினேன். கார்தான் ஆடியது, சட்டம் ஆடவில்லை. அந்த முதியவரைத் தேடினேன், காணவில்லை. எந்த ஊர்ச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தாரோ! மோட்டார் சைக்கிள்கள் எங்களைக் கடந்து சென்றன. ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு குழந்தை இருக்கிறதா என்று என்னை அறியாமலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை புதுச்சேரிக் கடற்கரையில் படகை இறக்கினோம். மரங்களைக் கயிற்றால் பிணைத்து அதற்குக் கட்டுமரம் என்று பெயரிட்டவர்கள் நம்மவர்கள். ஆங்கிலத்தாரும் அச்சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கட்டுத்தான் படகு என்று அறிந்திருந்த மக்களின் வழிவந்த நான், ஒரு கட்டைச் சரியாகப் போடக் கற்றது நெடுஞ்சாலை ஓரத்தில்!

நண்பர்களே, உங்களில் கயாக் வாங்குபவர்கள் சிலரே இருக்கலாம். ஆனால் ஆண்டு முடிவில் விடுதியைக் காலி செய்து, மெத்தையையும் மேசையையும் காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஓசூர் வழியே ஊர் திரும்புபவர்கள் பலர். புறப்படும் முன் அந்தக் கேரியரை ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். அத்திபெலேயில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.