விரிவதற்குள் வெட்ட வேண்டும்

கத்தரி, வெண்டை, தக்காளியில் கை பழகிய மாடித்தோட்டக்காரர்கள் அடுத்து ஆசைப்படுவது ப்ரோக்கோலிக்குத்தான். கடை விலை ஒரு காரணம். வீட்டுத் தொட்டியிலேயே பச்சைப் பூ திரண்டு நிற்பதை நாலு பேருக்குக் காட்டும் பெருமை இன்னொன்று.

ஆனால் இது குளிர் கேட்கிற பயிர். இத்தாலியில் பேர்பெற்ற இந்தக் காயின் ‘காலப்ரீஸ்’ ரகம், அங்குள்ள கலாப்ரியா பகுதியின் பெயரைத் தாங்கியது. நம் பக்கம் ஊட்டி, கோத்தகிரித் தோட்டங்களில் கேரட், பீட்ரூட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில் நன்றாகவே வருகிறது. சமவெளிக்காரர்கள்தான் நாள் பார்த்து இறங்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் விதை போட்டு, அடைமழையில் நாற்று அழுகாமல் கூரையடியில் காப்பாற்றி, ஐப்பசி முடிவில் எடுத்து நட்டால் தைப் பனிக்குள் பூ கட்டிவிடும். தாமதித்தால் மாசி வெயிலில் மாட்டிக்கொள்ளும். பூ இறுகாமல் உதிரி உதிரியாகப் போய்விடும்.

நாம் சாப்பிடுவது விரியாத மொட்டுகளை. கடுகளவு மொட்டுகள் நெருக்கியடித்து, கரும்பச்சையாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும்போதே கத்தியை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டுவைத்தால், அங்கங்கே மஞ்சள் இதழ் எட்டிப் பார்க்கும். அப்புறம் ருசி இறங்குமுகம்தான்.

காத்திருப்பது நாம் மட்டுமல்ல. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும். தொட்டால் நெளிந்து பின்வாங்கி, நூலிழையில் தொங்கும். அதன் பச்சையும் பூவின் பச்சையும் ஒன்றாகவே தெரியும் என்பதால், வெட்டிய பூவை உப்புத் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்திவைப்பது நல்லது.

அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ், சிறுவயதில் அம்மா கட்டாயப்படுத்தி ஊட்டிய ப்ரோக்கோலியை இனித் தொடமாட்டேன் என்று 1990-ல் அறிவித்தார். விவசாயிகள் சும்மா இருப்பார்களா? டன் கணக்கில் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் வீட்டில் எப்படிச் சமைத்தார்களோ, குழைய வேகவைத்தால் கந்தக வாடை அடிப்பது உண்மை. ஆவியில் ஐந்து நிமிடம் போதும். தண்டையும் எறிய வேண்டாம். தோல் சீவினால் நூல்கோல் போலவே பொரியலுக்கு ஆகும்.

நடுப்பூவை வெட்டிய கையோடு செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். எரு வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். இலைக்கணுக்களில் சின்னச் சின்னப் பூக்கள் கிளைக்கும். குளிர் இருக்கும்வரை பறிக்கலாம்.