காதால் கேட்ட வரலாறு

கண்புரை அறுவைக்குப் பிறகு அதிகம் படிக்க வேண்டாம் என்றார் டாக்டர். பேரன் போனில் ஆடியோ புத்தகம் போட்டுக் கொடுத்தான். எங்கள் புதுச்சேரி வரலாறு என்பதால் ஆவலாகக் கேட்டேன்.

1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த கட்டம் வந்தது. பின்னணியில் இடி முழங்க, துய்ப்ளேக்சைத் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்கள். ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயம் அது என்றோ, அதே துய்ப்ளேக்சின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதை வேதனையோடு நாட்குறிப்பில் எழுதி வைத்தார் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே துய்ப்ளேக்ஸ் மாவீரர்; கோயில் பற்றிப் பேச்சே கிடையாது. அன்று ஒரு பாதியை மறைத்தார்கள், இன்று மறுபாதியை.

முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் நான். ஆதாரம் இணைக்காத குறிப்பு என் மேசையைத் தாண்டாது. இந்தக் குரலிடம் "எதில் இருக்கிறது?" என்று கேட்க வழியில்லையே!

இப்போது பேரனே நாட்குறிப்பைத் தினம் இரண்டு பக்கம் வாசிக்கிறான். அந்தக் காலத்துத் தமிழ், தடுமாறுகிறான். ஆனால் "திரும்பப் படிப்பா" என்றால் படிக்கிறான்.